புள்ளத்தாச்சிக்குப் புத்தி சொன்னது போதும்

ஒரு புள்ள 2 கிலோ 100 கிராமில் பிறந்துவிட்டால் எங்கட ஊர்களில் முதல் கேள்வி தாயிடம்தான் போகும். "ஒழுங்காத் தின்னல்லயா மகள்?" பார்க்க வந்த மாமி கேட்பா, பக்கத்து வீட்டு ராத்தா கேட்பா, வார்டில் நிற்கிற நேர்ஸும் கேட்பா. சாப்பாடு அவளுடைய கையில் இருந்தது, அவள்தான் சாப்பிடாமல் விட்டாள் என்று எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் ஒரு புள்ளத்தாச்சியின் பீங்கானில் என்ன விழ வேண்டும் என்று தீர்மானிக்கிறவர்களின் வரிசையில் அவள் கடைசி ஆள்.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், டொக்டர்மார் இல்லை. ஆனால் இந்த விசயத்தில் மருத்துவம் தெளிவாகச் சொல்லி முடித்துவிட்டது. மிச்சம் இருப்பது வீட்டுக்குள் யார் யாருக்குப் பரிமாறுகிறார்கள் என்ற கணக்கு. அதைப் பேச வெள்ளைக் கோட்டு தேவையில்லை.

2,500 கிராமுக்குக் குறைந்து பிறக்கும் பிள்ளையைக் குறைந்த பிறப்பு எடையுள்ள பிள்ளை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கெடுக்கிறது. அப்படிப் பிறக்கிற பிள்ளைக்கு உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும், சீனி இறங்கும், தொற்று இலகுவாகப் பிடிக்கும். இலங்கையில் 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி ஏறக்குறைய 16 வீதமான பிள்ளைகள் இந்தக் கோட்டுக்குக் கீழே பிறந்தார்கள், அதாவது ஆறில் ஒன்று. பத்து வருசத்துக்கு முந்திய ஆய்விலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். இதே நாட்டில்தான் கிட்டத்தட்ட எல்லாத் தாய்மாரும் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுகிறார்கள், பிரசவத்தில் தாய் சாவது தெற்காசியாவிலேயே மிகக் குறைந்த நாடுகளில் ஒன்றாக இருக்கிறோம், மிட்வைஃப் வீட்டுக்கே வந்து பார்க்கிறா. ஆஸ்பத்திரி செய்ய வேண்டியதில் பெரும்பகுதியைச் செய்தாயிற்று. எடை மட்டும் நகர மாட்டேன் என்கிறது. ஏனென்றால் எடையின் பெரும்பங்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே, அடுப்படியில் முடிவாகிறது.

எல்லாம் சாப்பாட்டால்தான் என்று நாங்கள் சொல்லவில்லை. மாதம் தவறிப் பிறப்பது, பிரஷர், இரட்டைப் பிள்ளைகள் என்று வேறு காரணங்களும் உண்டு. விறகடுப்புப் புகையும் சேரும். பக்கத்தில் இருந்து ஊதித் தள்ளுகிற மாப்பிள்ளையின் சிகரெட்டும் சேரும். அந்தக் கடைசிக் காரணத்துக்காக எந்த மாமியும் எந்த மாப்பிள்ளையையும் குற்றம் சாட்டியதை நாங்கள் இதுவரை கேட்கவில்லை.

முதலில் உம்மாமாரின் வாதத்தை எடுப்போம், ஏனென்றால் அது அன்பில் இருந்து வருகிறது. "வயிறு முட்டத் தின்னாத மகள், புள்ள பெருத்தா வெட்டித்தான் எடுப்பானுகள்." இந்தக் கதை எங்கட ஊருக்கு மட்டும் சொந்தமில்லை, தெற்காசியா முழுக்க இருக்கிறது. வயிற்றுக்குள் ஒரே இடம்தான், அதில் சோறும் பிள்ளையும் பங்குபோட வேண்டும் என்ற எண்ணம் தென்னிந்தியக் கிராமங்களிலும் ஆய்வாளர்களால் பதியப்பட்டிருக்கிறது. பிள்ளை குறுக்கே நின்றால் தாயும் பிள்ளையும் மையத்தாவதைக் கண்ட மூத்தம்மாமாரின் பயம் அது. அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. ஆனால் உடம்பு அந்தக் கணக்கில் வேலை செய்வதில்லை. தாய்க்குச் சாப்பாடு குறையும்போது கருவிலிருக்கும் பிள்ளை தன் மூளையைத்தான் கடைசி வரைக்கும் காப்பாற்றும். முதலில் கரைவது சதையும் கொழுப்பும், ஈரலில் சேர்த்து வைக்கிற சக்தியும்தான். வழியில் சிக்குவது தலை. அந்தத் தலை பெரிதாகக் குறைவதில்லை. ஆக, தாய் பட்டினி கிடந்து மிச்சம் பிடிப்பது பிள்ளை உயிர் பிழைக்கத் தேவையானதை. சீசர் பயம் இருந்தால் டொக்டரோடு பேச வேண்டும், சோற்றோடு அல்ல.

இன்னொரு பக்கத்தில் கிரந்திப் பட்டியல். இறால் கிரந்தி, நண்டு கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, தக்காளியும் கிரந்தி. அன்னாசி சூடு, பப்பாளி சூடு. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது சோறும் பருப்பும் ஒரு பொரியலும். வேடிக்கை என்னவென்றால், பிள்ளை பிறந்த அன்றே வீட்டில் சரக்குக்கறி தொடங்கும். காயம் இடிப்பார்கள், முட்டை வரும், ஊர்க்கோழி வரும், நல்லெண்ணெய் வரும், 40 நாளும் தாயை யாரும் ஒரு வேலை செய்ய விடமாட்டார்கள். எங்கட ஆக்களுக்குப் பெண்ணைக் கவனிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நாங்கள் சண்டைக்குப் போவோம். நன்றாகத் தெரியும். பிள்ளை வெளியே வந்த பிறகு தெரியும்! அந்தக் கவனிப்பில் பாதியை ஆறாம் மாதத்துக்கு முன்தள்ளக் கூடாதா என்றுதான் கேட்கிறோம்.

இனி, பரிமாறுவது யார்?

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழமையாக மாமியார் கொடுமைக் கதைக்குப் போவார்கள். வட இந்தியாவுக்கு அது பொருந்தலாம். இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணுடையது, அடுப்படி அவளுடைய உம்மாவுடையது. அக்கரைப்பற்றில் வருசக்கணக்காக ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் இந்தத் தாய்வழி ஏற்பாட்டைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். பெண்ணுக்கு இதில் பெரிய பாதுகாப்பு இருக்கிறது என்று நாங்களும் நம்புகிறோம். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலையும் உண்டு. வீட்டுக்கு வந்த மருமகன் காலம் முழுக்க விருந்தாளி. மீனின் நடுத்துண்டு அவருக்கு. அடுத்தது வாப்பாவுக்கு, பிறகு தம்பிமாருக்கு, பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு. உம்மாவும் மகளும் சட்டியை வழித்து ஆணத்தோடு முடிப்பார்கள். மகள் ஏழு மாதப் புள்ளத்தாச்சி என்பதால் இந்த வரிசை மாறுவதில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை, யாரும் "அவளுக்குக் குடுக்காத" என்று சொல்லவும் இல்லை. அவளே வேண்டாம் என்றுதான் சொல்வாள். நாங்கள் ஆம்பிளைப் பிள்ளைகளும் அந்த வரிசையில் முன்னுக்கு இருந்து தின்கிறவர்கள்தான். அதனால் இந்தக் கட்டுரை எங்களுக்கும் சேர்த்துத்தான்.

இவ்வளவுக்கும் அவளுக்கு மேலதிகமாகத் தேவைப்படுவது மலையளவு இல்லை. "ரெண்டு பேருக்குத் தின்னு" என்று சொல்லிச் சோற்றைக் குவிக்கிறதும் பிழை. அதனால் சீனி ஏறும், அதுவும் இப்போது எங்கட ஊர்களில் பெரிய கதை. நாலாம் மாதத்துக்குப் பிறகு நாளொன்றுக்கு ஏறக்குறைய 350 முதல் 450 கலோரி கூடுதலாக வேண்டும். இரண்டு முட்டை, ஒரு கப் பால், ஒரு வாழைப்பழம், அதோடு கணக்கு முடிந்தது. மெலிந்த பெண் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும், நடுத்தர உடம்பு 11.5 முதல் 16 கிலோ. கிளினிக் அட்டையில் எடை குறிக்கப்படுகிறது. அந்த அட்டையைத் திறந்து பார்த்த மாப்பிள்ளைமார் எத்தனை பேர்? மோட்டார்பைக் சேவிஸ் புத்தகத்தைப் பார்க்கிறார்கள்.

கலோரி மட்டும் போதாது என்பதற்குப் பக்கத்து நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. பூனாவைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2001இல் வெளியானது. அங்கே பிள்ளையின் எடை தாய் சாப்பிட்ட மொத்தச் சக்தியோடோ புரதத்தோடோ பொருந்தவில்லை. கீரை, பால், பழம் எத்தனை தரம் சாப்பிட்டாள் என்பதோடு பொருந்தியது. முருங்கையும் அகத்தியும் பொன்னாங்காணியும் வேலிக்கு வேலி நிற்கிற ஊர் எங்களுடையது. நெத்தலியும் சாளையும் கீரி மீனும் கரைக்கு வருகிற ஊர். ஆனால் "புள்ளத்தாச்சிக்கு நல்ல சாமான் வாங்கிக் குடுத்தோம்" என்று பெருமையாகச் சொல்லும்போது அது பெரும்பாலும் ஃபார்மசியில் வாங்கிய பால்மா டின்தான். டின்னுக்கு விலை இருக்கிறது, பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டலாம். முருங்கை இலையைக் காட்ட முடியாதே!

பிளேன்டீயையும் சொல்லாமல் விட முடியாது. கிளினிக்கில் இரும்புக் குளிசை இலவசமாகத் தருகிறார்கள். அதை விழுங்கிவிட்டு, அல்லது சோறு தின்ற கையோடு, சாயம் கூடின ஒரு பிளேன்டீ. தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்பை உடம்பில் சேர விடாது. கல்சியம் குளிசையையும் இரும்போடு சேர்த்துப் போடக் கூடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் சரி. செலவே இல்லாத திருத்தம் இது, இதையாவது இன்றைக்கே செய்யலாம்.

செலவு உள்ள இடத்துக்கு வருவோம். கடலை நம்பின வீடுகளில் ஒக்டோபர் கழிய நெஞ்சு இடிக்கத் தொடங்கும். நவம்பரில் இருந்து ஜனவரி வரைக்கும் வடகீழ்ப் பருவக்காற்று. தோணி ஏறாது, கரைவலை இழுக்க முடியாது, மீன் விலை ஏறும், கையில் காசு இருக்காது. வயல் வீடுகளுக்கும் பெரும்போக அறுவடை வரைக்கும் கடன்தான். இந்த மாதங்களில் ஆறாம், ஏழாம், எட்டாம் மாதத்தைக் கடக்கிற பெண்ணிடம் "போசாக்கான உணவு உண்ணுங்கள்" என்று சுவரொட்டியைக் காட்டுவது என்ன நியாயம்?

மேற்கு ஆபிரிக்காவில் கம்பியா என்றொரு சின்ன முஸ்லிம் நாடு. அங்கேயும் மழைக்காலம் பசிக்காலம். அங்கே 28 கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கு நிலக்கடலை பிஸ்கட் நாளும் கொடுத்துப் பார்த்தார்கள். 1997இல் வந்த முடிவு: பிறப்பு எடை சராசரியாக 136 கிராம் கூடியது. பசிக்காலத்தில் மட்டும் பார்த்தால் 201 கிராம். சாப்பிடக் கிடைக்கிற காலத்தில் 94 கிராம். செத்துப் பிறப்பதும் குறைந்தது. அந்தப் பெண்களுக்கு யாரும் புதிதாகப் புத்தி சொல்லவில்லை. பிஸ்கட் கொடுத்தார்கள்.

எங்களுக்கும் ஒரு பிஸ்கட் இருக்கிறது, பெயர் திரிபோஷா. 1973இல் இருந்து சோளம், சோயா, பால்மா சேர்த்து வருகிற மா. கர்ப்பிணிக்கு மாதம் 750 கிராம் பக்கற் இரண்டு. அதாவது நாளுக்கு 50 கிராம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஐந்து பேர் உள்ள வீட்டில் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்தால் ஆளுக்கு 10 கிராம். "தாய்க்குக் குடுத்ததைக் குடும்பமே தின்னுது" என்று அதிகாரிமார் கோபப்படுகிறார்கள். நாலு வயதுப் பிள்ளை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தனியாகத் தின்கிற உம்மா எந்த ஊரில் இருக்கிறா? பசித்த வீட்டுக்கு ஒரு ஆளின் பங்கை மட்டும் அனுப்பிவிட்டு, அது பங்கு போடப்பட்டது என்று குறை சொல்வது நேர்மையில்லை.

2022ஐ நினைத்துப் பார்ப்போம். சோளம் இல்லை என்று திரிபோஷா தட்டுப்பட்டது, பிறகு அதில் அஃப்லடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருக்கிறதா இல்லையா என்று பாராளுமன்றம் வரைக்கும் சண்டை. அந்த வருசம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருசத்தில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. கர்ப்பிணிகளுக்கு 2015இல் தொடங்கிய கொடுப்பனவு மொத்தம் 20,000 ரூபா, மாதம் 2,000 படி 10 மாதம். ஓகஸ்ட் கடைசியில் வந்த இடைக்கால பட்ஜட்டில் மேலதிகமாக மாதம் 2,500 ரூபா, 4 மாதத்துக்கு மட்டும். கர்ப்பம் 4 மாதத்தில் முடிவதில்லை என்பதை அமைச்சரவையில் யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். அந்த வருசம் கருவில் இருந்த பிள்ளைகள் இப்போது எங்கட தெருவில் ஓடித் திரிகிறார்கள்.

பிறந்த பிறகு தின்னக் கொடுத்து எடையைத் தேற்றிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கதை. இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்ட்ஷையர் என்ற மாவட்டத்தில் எதெல் மார்கரெட் பேர்ன்சைட் என்ற அம்மா மிட்வைஃப்மாருக்குப் பொறுப்பாக இருந்தா. 1911இல் இருந்து பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் எடையையும் பதிவேட்டில் எழுத வைத்தா. பல பத்து வருசம் கழித்து டேவிட் பார்க்கர் என்ற ஆய்வாளரின் குழு அந்தப் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்து, அதில் பெயர் உள்ள ஆண்கள் எப்படிச் செத்தார்கள் என்று பார்த்தது. எடை குறைந்து பிறந்தவர்கள் நெஞ்சு வருத்தத்தில் அதிகம் செத்திருந்தார்கள். 1989இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு சீனி வருத்தத்துக்கும் இதே தொடர்பு பல இடங்களில் காணப்பட்டது. எங்கட ஊர்களில் 40 வயதில் சீனி, 50 வயதில் நெஞ்சுக்குத்து என்று போகிற வாப்பாமாரைப் பார்க்கும்போது, அவர்களைச் சுமந்த காலத்தில் மூத்தம்மாமார் என்ன தின்றார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இப்போது சங்கடமான இடம், றமழான். நோன்பு பிடித்தால் பிள்ளையின் எடை குறைந்தே தீரும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டின் தொகுப்பு, சராசரி பிறப்பு எடையில் தெளிவான வித்தியாசம் இல்லை என்றது. அமெரிக்காவின் மிச்சிகனில் அரபுத் தாய்மாரின் பிறப்புப் பதிவுகளைப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வு சிறிய குறைவைக் கண்டது. தெம்பான உடம்பும், இரத்தம் குறைந்து எடை ஏறாமல் நிற்கிற உடம்பும் ஒரே நோன்பைத் தாங்காது என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. மார்க்கம் இதை எப்போதோ யோசித்துவிட்டது. தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு என்று பயந்தால் விடலாம், பிறகு கழாச் செய்யலாம்; பிள்ளைக்காக மட்டும் பயந்து விட்டால் ஷாஃபி மத்ஹபில் ஃபித்யாவும் உண்டு. கிதாபில் சலுகை இருக்கிறது, எங்கட தெருவில் இல்லை. நோன்பு விட்ட புள்ளத்தாச்சி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அவசர அவசரமாக இரண்டு வாய் அள்ளிப் போட வேண்டியிருக்கிறது. "என்ன, நோன்பு இல்லியா?" என்று கேட்கிற வாய்கள் அத்தனை. அதே வயிற்றோடு அஸருக்குப் பிறகு நின்று கஞ்சியும் சமோசாவும் எல்லாருக்கும் செய்ய வேண்டியதும் அவள்தான். இதைப் பற்றி ஒரு ஜும்ஆவில் கேட்க ஆசைப்படுகிறோம். பெண்களுக்கு அல்ல, முன் சஃப்பில் இருக்கிற ஆம்பிளைகளுக்கு.

இன்னொன்று, ஒன்பது மாதக் கவனிப்பால் பதினெட்டு வருசப் பற்றாக்குறையைத் தீர்க்க முடியாது. மெலிந்து, இரத்தம் குறைந்து கல்யாணமாகிற பிள்ளைதான் எடை குறைந்த பிள்ளையைப் பெறுகிறாள். தானே இன்னும் வளர்ந்து முடியாத பெண்ணுக்கு அது இரட்டைச் சுமை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணத்துக்குக் குறைந்த வயது என்று ஒன்றை வைக்காமல் எழுதப்பட்டது. சலீம் மர்சூஃப் தலைமையில் 2009இல் அமைத்த குழு அறிக்கை கொடுக்கவே 2018 ஆனது. வயது பற்றிய அந்த விவாதத்தில் கண்ணியம், ஷரீஆ, அரசியல் எல்லாம் பேசப்பட்டது. பிள்ளையின் எடையைத் தராசில் வைத்துப் பேசியவர்கள் குறைவு.

அதனால் எங்கட கோரிக்கைகள் யாரையும் வானத்தைப் பிளக்கச் சொல்லவில்லை. கிளினிக் அறிவுரையில் பாதியை மாப்பிள்ளைக்கும் உம்மாவுக்கும் சொல்லுங்கள், அவர்களையும் கூப்பிட்டு இருத்துங்கள். திரிபோஷாவைக் குடும்பத்தின் பசியைக் கணக்கில் எடுத்துக் கொடுங்கள். கொடுப்பனவை விலைவாசியோடு கட்டுங்கள். பிறப்பு எடைகளைக் கிளினிக் வாரியாக, மாத வாரியாக ஊருக்குச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம், எண் போதும். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் சுமந்த பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று ஊர் பார்க்கட்டும்.

பள்ளிவாசல்களுக்கும் பைத்துஸ் ஸகாத்துகளுக்கும் ஒரு தனிக் கேள்வி. நவம்பரில் இருந்து ஜனவரி வரை ஏறக்குறைய 90 நாள். நாளுக்கு இரண்டு முட்டை என்றால் ஒரு தாய்க்கு 180 முட்டை. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒவ்வொன்று சேருங்கள், இல்லாவிட்டால் அவளுக்குப் போய்ச் சேராது. மஹல்லாவில் ஆறாம் மாதம் தாண்டிய, கடலை நம்பின வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் என்று மிட்வைஃபிடம் கேட்டால் ஒரு மணித்தியாலத்தில் கணக்கு வரும். அந்த எண்ணை முட்டை விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு, போன மாதம் ஊரில் நடந்த ஏதாவது ஒரு கல்யாணத்தின் சஹன் செலவைப் பக்கத்தில் எழுதுங்கள். வருகிற ஒக்டோபருக்கு முன் இதைச் செய்யத் தயாராக இருக்கிற நிர்வாகம் எதுவென்றாலும், பட்டியல் எடுக்கவும் முட்டைத் தட்டு சுமக்கவும் நாங்கள் வருகிறோம்.